லோறன்ஸுக்குச் சொன்ன பொய்

1

ஒஸ்லோவின் ரொம்சோஸ் ரயில் நிலையத்தில் மரியரஞ்சனி எனக்குச் சொன்ன கதை இது. நான் செய்ததெல்லாம் வரிசைப்படுத்தியதுதான். அதிலும் நான்கு முறை தோற்றேன்.

ரஞ்சனிக்கு அதே நகரின் ஸ்டோவ்னர் பகுதியில் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை. அவர் பார்த்துவந்தவர்களில் ஒருவர் லோறன்ஸ். எண்பத்துநான்கு வயது, ஜெர்மன்காரர், ஜாஸ் கிளாரினெட் கலைஞர்.

2

‘உலகப் புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் ஒஸ்லோவில்’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். உலகம் என்பது பெரிய சொல். ஜெர்மனியில் ஒரு ஜாஸ் இதழின் வாசகர்கள் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அவரையே முதலிடத்தில் வைத்தார்கள். ரயில் நிலையங்களில் மறித்துக் கையெழுத்துக் கேட்டார்கள். பிறகு நோர்வேப் பெண் மேரினைக் கல்யாணம் செய்து இங்கே வந்தார். மேரின் இறந்தபின், அவர் யாரென்று தெரிந்தவர்கள் அவர் குடியிருந்த அடுக்குமாடியில் ஒருவரும் இல்லை.

3

ஒருநாள் காலை, வீங்கிய கால்களுக்கு ரஞ்சனி இறுக்கமான காலுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது லோறன்ஸ் கேட்டார். (பேசியது நோர்வேஜிய மொழியில். ரஞ்சனி எனக்குச் சொன்ன தமிழிலேயே தருகிறேன்.)

“உங்கடை ஊரிலை என்னைத் தெரியுமோ?”

“ஓம். யாழ்ப்பாணத்திலை உங்களைத் தெரியாத ஆக்கள் இல்லை.”

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ரஞ்சனியிடம் கேட்டேன்.

“ரெண்டு கிழமையாய் மனுசன் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை. அண்டைக்குச் சாப்பிட்டவர்.”

இந்தப் பொய்யை நான் எழுதியிருந்தால்— இல்லை, எனக்கு இது தோன்றியிருக்காது.

4

பொய் அதோடு நிற்கவில்லை. “அப்ப உங்கடை ஆக்களுக்கு ஒருக்கா வாசிக்கவேணும்” என்றார் லோறன்ஸ். மூன்று மாதம் தினமும் பயிற்சி செய்தார். ரஞ்சனி அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் ஒரு ஞாயிறு மதியம் ஏற்பாடு செய்தார். உறவினர், தேவாலயத்துக்கு வருபவர் என்று இருபத்துமூன்று பேரை அழைத்து, “தெரிஞ்ச மாதிரி இருங்கோ” என்று கெஞ்சினார்.

லோறன்ஸ் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவர் கண்கள்— (வேண்டாம். ரஞ்சனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.)

இரண்டாவது பாட்டில் அவருக்கு மூச்சு அறுந்தது. அந்த அமைதியில், பிந்தி வந்த சிவகாமி பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது:

“இவர் ஆர்?”

(முதல் வரைவில் சிவகாமியைப் பொல்லாதவராக எழுதினேன். பாவம், அவருக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை, அவ்வளவுதான்.)

“என்ன கேட்டவ?” என்றார் லோறன்ஸ்.

“பழைய பாட்டொண்டு வாசிக்கட்டாம்” என்றார் ரஞ்சனி.

“இல்லை. நான் ஆர் எண்டு கேட்டவ. இஞ்சை வந்த நாளிலையிருந்து கேக்கிற கேள்வி. எந்த மொழியிலை கேட்டாலும் எனக்கு விளங்கும்.”

எழுந்து நின்றார். சிவகாமியைப் பார்த்து, “என்ரை பேர் லோறன்ஸ். கிளாரினெட் வாசிக்கிறனான்” என்றார். விட்ட இடத்திலிருந்து தொடங்கிக் கடைசிவரை வாசித்தார். முடிந்தபோது கைதட்ட ஒருவருக்கும் கை எழவில்லை.

5

இதோடு நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் திங்கட்கிழமை காலை ரஞ்சனி அவர் வீட்டு மணியை அடிக்க வேண்டியிருந்தது.

லோறன்ஸ் கதவைத் திறந்து சிரிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். வேறொருவரை அனுப்பும்படி அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டதாக இன்னொன்று. உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். ரஞ்சனி சொன்னார், சொல்லிவிட்டு, “அதை மட்டும் எழுதாதேங்கோ, அது எனக்கும் அவருக்கும்” என்றார்.

எழுதவில்லை. அந்த வாசலில் நீங்கள் நின்றிருந்தால், கதவு திறந்ததும் முதலில் என்ன சொல்லியிருப்பீர்கள்?