அப்பா பக்கத்து நியாயம்

1

இது கதையாகப் பிறக்க வேண்டியதே இல்லை. ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பிரிவில் என்னைக் கூப்பிட்டு, அங்கே படிப்பதால் கிடைக்கும் நன்மைகளைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ‘ஒழுக்கம், தரம், சேவை’ என்று தொடங்கினேன். இரும்பு பீரோ விற்கிறவரும் கடை வாசலில் இதையேதான் போட்டுக்கொள்வார். வெட்டினேன். ‘இங்கே காலடி வைக்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு புதிய...’

(புதிய என்ன? தெரியாததால் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.)

நன்மைகளை அடுக்க எனக்கு வராது, ஆட்களைச் சொல்ல வரும். ஆகவே அங்கேதான் பொறியியல் படிப்பேன் என்று நிற்கும் ஒரு பெண்ணையும், நீ தலைகீழாக நின்றாலும் விடமாட்டேன் என்கிற அவள் அப்பாவையும் உண்டாக்கினேன்.

2

முதல் வரைவில் அப்பா மேசையைக் குத்திக் கத்தினார். நாடகமாக இருந்தது, எடுத்துவிட்டேன். இப்போது அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியிலிருந்து பொறுமையாகப் பேச்சுக் கொடுக்கிறவர். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது மனைவி இறந்துபோனாள். அடக்கத்தன்று பங்குச் சாமியார், “எல்லாம் கடவுளோட சித்தம்” என்றார். அதற்குப் பிறகு அப்பா மாதா கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

“உலகத்துல வேற காலேஜே இல்லையா?”

“இருக்குப்பா. எனக்கு இதுதான் வேணும்.”

“ஏன்னு சொல்லு பாப்போம்.”

அவள் கையில் இருந்தது நான் எழுதிய ‘ஒழுக்கம், தரம், சேவை’ மட்டும். பாவம், அதை வைத்துக்கொண்டு என்ன பேசுவாள்? ஆனால் மனசு மாறவில்லை.

3

என் துண்டுப் பிரசுரத்தை நம்பிப் பயனில்லை என்று அவளையே நேரில் அனுப்பினேன். சேர விரும்புகிறவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் வைத்திருந்தார்கள். பொறியியல் மாணவர்களும் தத்துவம் படித்தாக வேண்டிய இடம் அது. நடத்தியவர் கான்வாஸ் ஷூ போட்ட ஒரு சிஸ்டர். அவர் வகுப்பில் ஒரு விதி: எதிராளி பக்கத்து நியாயத்தை நீ சொல்ல வேண்டும். அந்த எதிராளியே ‘ஆமா, அதான்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுத்துப் பேசலாம்.

கழுத்தில் சிலுவை போட்ட ஒரு மாணவி, கடவுள் இல்லை என்கிற மாணவனின் நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.* “நான் அதைச் சொல்லலையே” என்று அவன் திரும்பத் திரும்ப மறுத்தான். அவளும் விடவில்லை. கடைசியில், “ஆமா, அதான்” என்றான்.

வகுப்பு முடிந்ததும் நம் பெண் சிஸ்டரைப் பிடித்தாள். “அவன் சொல்றதுதான் சரின்னு அவளுக்குத் தோணிட்டா?”

“தோணட்டுமே. அதுக்குப் பயந்தா நான் பாடம் நடத்த முடியுமா?”

* இந்த வரியை எடுத்துவிடச் சொல்லி விளம்பரப் பிரிவில் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். மறுப்புகளை முதலில் எழுதி, பதிலைப் பிறகு எழுதுவது கத்தோலிக்கத் தத்துவ மரபின் பழைய பழக்கம்தானே.

4

அப்பா வேலையிலிருந்து வந்து கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அப்பா, இன்னைக்கு நான் எதுவும் கேக்கப் போறதில்ல. உங்க பக்கத்து நியாயத்தை நான் சொல்றேன். தப்பா இருந்தா சொல்லுங்க.”

“இது என்ன புதுசா?”

“அங்க வகுப்புல ஒரு விதிப்பா, நீங்க ‘ஆமா, அதான்’னு சொன்ன பிறகுதான் நான் மறுத்துப் பேசலாம். உங்களுக்குச் சாமியார்களைப் பிடிக்காது.”

“அதான் ஊருக்கே தெரியுமே. அது இல்ல.”

“கேள்வி கேட்டா என் வாயை அடைச்சிடுவாங்கன்னு பயப்படுறீங்க.”

துண்டை எடுத்தார். “கிட்ட வந்துட்ட. ஆனா அது இல்ல.”

(மூன்றாவதாக நான் ஒன்று எழுதி வைத்திருந்தேன். அவள் அதைச் சட்டை செய்யவில்லை.)

“அடக்கத்தன்னைக்கு ஃபாதர் கடவுள் சித்தம்னு சொன்னப்ப, நான் சரின்னு தலையாட்டினேன். அம்மா போனதுக்கே தலையாட்டினேன். நீங்க அதைப் பாத்துட்டீங்க. இன்னொரு தடவை நான் அப்படித் தலையாட்டிடக் கூடாதுன்னுதான் நிக்கிறீங்க.”

அப்பா ஈரத் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்த எனக்கும்தான்.

“ஆமா,” என்றார். “அதான்.”

5

அப்பா சம்மதிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். பிரசுரத்துக்குப் பொருத்தமாக இருந்தது, கிழித்துப் போட்டேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கிளம்புவதாக இன்னொன்று எழுதினேன். ‘மாட்டேன்’ என்று அவளே மறுத்துவிட்டாள். அவர் ‘ஆமா’ என்ற பிறகு அவள் மறுத்துப் பேச வேண்டும், அதுதான் விதி. வாயைத் திறந்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“இரு. இந்த விதி எனக்கும் உண்டுதானே? முதல்ல உன் பக்கத்து நியாயத்தை நான் சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“பெரிய பேர் எடுத்த இடம்னு போற.”

“இல்லப்பா.”

“என்கிட்டேருந்து தப்பிச்சுப் போற.”

“ஐயோ, இல்லப்பா.”

நாற்காலியை அவளுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். “அப்ப, நீ அங்கதான் படிப்பேன்னு நிக்கிறது...”

இந்த வாக்கியத்தையும் பாதியில் விடுகிறேன். அவள் போகலாமா கூடாதா என்று உங்களுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். பிறகு சொல்லுங்கள். முதலில் அப்பாவுக்காக இதை முடித்துக்கொடுங்கள். எதிரே அவள் உட்கார்ந்திருக்கிறாள். “ஆமாப்பா, அதான்” என்று அவள் சொல்லும்வரை நீங்களும் எழுந்துபோக முடியாது.