இரண்டு ஊருக்குப் போன பஸ்

1934ஆம் வருஷம் ஆனி மாதம், சாரல் தொடங்கிய வாரத்தில், தென்காசியிலிருந்து புறப்பட்ட சேக் மைதீனின் பஸ் ஒரே நேரத்தில் மேற்கே ஐந்தருவிக்கும் வடகிழக்கே கரிசல் காட்டுத் திருவேங்கடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பெண்கள் ஐந்தருவியில் இறங்கினார்கள். ஆண்கள் திருவேங்கடத்தில் இறங்கினார்கள். அன்று தென்காசிச் சந்தையில் கத்தரிக்காய் கொஞ்சம் மலிவாக இருந்தது என்பதைத் தவிர வேறு விசேஷம் எதுவும் இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சேக் மைதீனிடம் முதலில் இரண்டு பஸ்கள் இருந்தன. ஐந்தருவிக்கு ஓடியது ஒரு புளியமரத்தடியில் நின்றபோது கிளை முறிந்து விழுந்து பின்பாதி நொறுங்கியது. திருவேங்கடத்துக்கு ஓடியதற்கு என்ஜின் வெந்துபோய் முன்பாதி வீணானது. சேக் மைதீன் எதையும் தூக்கி எறியத் தெரியாத மனுஷன். நல்ல தலையையும் நல்ல வாலையும் சேர்த்து ஒரே பஸ்ஸாக்கினார். சோதிக்க வந்த மோட்டார் இன்ஸ்பெக்டர் கைலாசம், முன்பாதிக்குத் தாம் முன்பே கொடுத்த சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார், பின்பாதிக்குக் கொடுத்ததையும் பார்த்தார். இரண்டிலும் தம் கையெழுத்தே இருந்ததால் மனுஷனுக்குச் சந்தோஷம். "தலையும் பாஸு, வாலும் பாஸு. பெறவு என்னத்தப் பாக்க?" என்று சொல்லி, ஓட்டிப் பார்க்காமலே அனுப்பிவிட்டார். ஒரு சர்ட்டிபிகேட்டில் ஐந்தருவி என்றும் மற்றதில் திருவேங்கடம் என்றும் எழுதியிருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் எடுத்துக்கொண்டது.

பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால் என்பது அன்றைக்கும் வழக்கம். அதனால் அந்த சீசனில் பெண்கள் ஆம்பிளை வாடையே இல்லாமல் அருவியில் குளித்தார்கள். கரும்பு தின்னக் கூலியா என்று அச்சன்புதூரிலிருந்துகூடப் பெண்கள் வந்தார்கள். ஆண்கள் தோளில் துண்டும் கையில் எண்ணெய்க் குப்பியுமாகத் திருவேங்கடத்துக் கரிசல் காட்டில், உச்சி வெயிலில் நின்றார்கள். இரண்டு நாள் திட்டினார்கள். பிறகு வந்தது வந்தோம் என்று பருத்தி விலை விசாரிக்க ஆரம்பித்தார்கள். டிரைவர் முன்பாதியோடு ஐந்தருவிக்குப் போய்விடுவார். பின்பாதியை யார் ஓட்டினார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் இரண்டும் ஒரே பஸ்ஸாகத் தென்காசி ஸ்டாண்டில் வந்து நிற்கும். புருஷன்மார் கறுத்தும் பெண்டாட்டிமார் வெளுத்தும் வீட்டுக்குப் போவார்கள்.

கண்டக்டர் சங்கரபாண்டிக்குத்தான் சங்கடம். ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் தலைப்பக்கமா வால்பக்கமா என்று முடிவுசெய்து நின்றுகொள்வான். ஆடி பிறந்து கூட்டம் நெரிந்த ஒருநாள், பின்னாலிருந்த ஒருவர் பெண்டாட்டிக்குக் கொடுக்கச் சொல்லி எண்ணெய்க் குப்பியை அவன் கையில் திணித்தார். இரண்டு பாதியும் சேரும் மூட்டின்மேல் ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக நின்று சங்கரபாண்டி கையை நீட்டினான். குப்பி ஐந்தருவிக்குப் போய்ச் சேர்ந்தது. சங்கரபாண்டி எந்த ஊருக்கும் போய்ச் சேரவில்லை.

ஆள் தொலைந்தானே தவிரக் குரல் தொலையவில்லை. பஸ்ஸை ஷெட்டில் நிறுத்தியபின்பும் மூட்டுக்குள்ளிருந்து அவ்வப்போது "ரைட்" என்று கேட்டது. அவன் பெண்டாட்டி சந்தனமாரி தூக்குச்சட்டியில் சோற்றோடு வந்து மூட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பசிக்கா?" என்றாள். "ரைட்" என்றது குரல். "குளுருதா?" என்றாள். அதற்கும் "ரைட்"தான். வேறு வார்த்தை அவனுக்கு வரவில்லை. ஆனால் எந்த ரைட் பசிக்கு, எது குளிருக்கு, எது தன்னைத் தேடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தினமும் வந்தாள். சோற்றை மூட்டில் வைத்துப் பார்ப்பாள், அது அப்படியே இருக்கும், எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பார்க்கிறவர்களுக்குப் பொறுக்கவில்லை.

சங்கரபாண்டியை வெளியே எடுத்துத் தரச் சொல்லி ஊர் மனு போட்டது. மேலிடத்திலிருந்து, பஸ்ஸை மூட்டோடு அறுத்துப் பிரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதை நிறைவேற்றக் கைலாசமே ரம்பத்தோடு ஓர் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சந்தனமாரி மூட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஐயா, இத அறுத்தா அவியளையும்லா சேத்து அறுப்பிய. அறுக்கதுன்னா என்னையும் சேத்து அறுங்க."

உள்ளேயிருந்து "ரைட்" என்றது. அவளை இறங்கச் சொல்கிற ரைட் அது. அவள் இறங்கவில்லை. கைலாசம் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவோ என்னவோ கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு அடியில் ஊர்ந்துபோனார். முன்பாதியும் அவர் முன்பு பார்த்தபடியே இருந்தது, பின்பாதியும் அப்படித்தான். இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்த போல்ட்டுகள் மட்டும் அவர் வாழ்நாளில் பார்த்திராதவை.

"சேக் மைதீன், இந்தப் போல்ட்டு எந்த வண்டிது?"

"எந்த வண்டிதும் இல்லீங்க. நம்ம தென்காசிக் கொல்லன் அடிச்சது."

கைலாசம் அடியிலேயே வெகுநேரம் படுத்துக் கிடந்தார். தலைக்கு ஊர் எழுதினார், வாலுக்கு ஊர் எழுதினார், நடுவுக்கு யாரும் ஊர் எழுதவில்லை. ஊரே இல்லாத இடத்தில் நிற்கிறவன் எங்கே போய் இறங்குவான்? வெளியே வந்து, "தப்பு என்மேலதான்," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இதற்கு முன்பு எந்த இன்ஸ்பெக்டரும் அப்படிச் சொல்லித் தென்காசி கேட்டதில்லை.

மூட்டைச் சோதிப்பதென்றால் அதன்மேல் ஆள் உட்கார்ந்து பஸ் ஓட வேண்டும். சேக் மைதீனுக்குத் திடீரென்று இடுப்பு வலித்தது. ஆசாரி ரம்பத்தைத் துடைக்க ஆரம்பித்தார். சந்தனமாரி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கைலாசம் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டார். "பயமாருக்கா, தாயி?" என்று கேட்டார். "இல்ல. அவியதான் அங்கன இருக்காவளே," என்றாள். கைலாசத்துக்குப் பயமாக இருந்தது. ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது போதும் என்று, பஸ் நகர்ந்தபிறகே பேனாவைத் திறந்தார். சக்கரம் ஸ்டாண்டைத் தாண்டும்போது முன்னால் அருவிச் சத்தமும் பின்னால் அனல்காற்றும் வந்தன. காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போனது. கோணல்மாணலான எழுத்தில், "மூட்டு. ஊர்: தென்காசி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சந்தனமாரி கண்ணைத் திறந்தபோது தென்காசி ஸ்டாண்டில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் இன்ஸ்பெக்டர் இருந்தார். மறுபக்கம் சங்கரபாண்டி, இடப்பாதி சொட்டச் சொட்ட நனைந்தும் வலப்பாதி முழுக்கக் கரிசல் புழுதி அப்பியும் உட்கார்ந்திருந்தான். "ரைட்" என்றான். பிறகு, மறந்துபோன ஒன்றைத் தேடிப் பிடித்தவன்போல, "மாரி" என்றான்.

பஸ் பல வருஷம் ஓடியது. தலை ஐந்தருவிக்கும் வால் திருவேங்கடத்துக்கும் போய்வந்தன. கைலாசம் அதற்குப் பிறகு எந்த வண்டிக்கு வந்தாலும் முதலில் அடியில் படுத்து மூட்டைத்தான் தட்டிப் பார்ப்பார். சங்கரபாண்டி நடுவிலேயே நின்று இரண்டு ஊருக்கும் டிக்கெட் கிழித்தான். காலையில், "போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போவான். மூட்டு போய்ச் சேரவேண்டிய ஊர் தென்காசியே அல்லவா? மற்ற கண்டக்டர்களின் பெண்டாட்டிமார் ராத்திரி வரைக்கும் வாசலைப் பார்த்திருக்க, சந்தனமாரி உலையில் அரிசி போட்டு அது கொதிப்பதற்குள் அவன் இரண்டு ஊருக்கும் போய்விட்டு வந்து நிற்பான். அவள் ஒரு பக்கம் தலையைத் துவட்டிவிட்டு, மறுபக்கம் புழுதியைத் தட்டிவிட்டு, சோறு போடுவாள்.