எந்த நட்டு

சுரங்களின் இடத்தைப் பிரிக்கும் கடைசி ஃபிரெட் கம்பியை, தான் அளந்து வெட்டிய பள்ளத்தில் பொருத்திச் சரஸ்வதி சுத்தியலால் மெல்லத் தட்டினாள். கிட்டாரின் கழுத்தில் ஒட்டிய கருங்காலிப் பலகையை, வாழைப்பட்டை மாதிரி லேசாக வளையும்வரை தேய்த்தவளும் அவள்தான். கம்பி முனை எங்கேயாவது குத்துகிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்த்தாள். கன்னம் புகார் சொல்லவில்லை.

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் அவள் பல வருடம் நட்டு முடுக்கிய தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. போகும்போது அவளைக் கூப்பிடவில்லை. அதன் பிறகு, வயதைக் கேட்டபின்னும் பேச்சைத் தொடர்ந்தது அர்ஜுனின் கிட்டார் பட்டறை மட்டும்தான். புரொபேஷன் இன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரமானால் கணவர் மாணிக்கத்தைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கலாம். பக்கவாதம் வந்தவர் இப்போது புக்கிட் மேரா வீட்டில் தனியாகக் கிடக்கிறார். கையெட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் போனும்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி அர்ஜுன் வந்தான். கதவு முழுக்க உளி பிடித்த இரண்டு கைகளின் படம். முதலில் அர்ஜுனின் கைகளைத்தான் எடுத்தார்கள். கைக்ரீம் விளம்பரம்போல வந்ததால் சரஸ்வதியின் கைகளை ஒட்டிவிட்டார்கள்.

"ஆன்ட்டி, கஸ்டமர் இப்ப வந்துருவாரு லா. ரெடியா?"

"ரெடி பாஸ்."

அவன் தந்தி மாட்டி முறுக்கினான். வெறும் தந்தியைத் தட்டியபோது இனிமையாகத்தான் இருந்தது. விரல் வைத்ததும் ஒவ்வொரு சுரமும் கோணியது. அர்ஜுன் அளவுகோலை எடுத்தான்.

"எங்கேர்ந்து அளந்து வெட்டுனீங்க?"

"நீங்க போன்ல சொன்னபடிதான். நட்டுலேர்ந்து."

"எந்த நட்டு?"

கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் நுனியில் இருந்த நட்டை அவள் தொட்டுக் காட்டினாள். அர்ஜுன் கண்ணை மூடித் திறந்தான்.

"ஐயோ ஆன்ட்டி, அது ராடு நட்டு. நட்டுன்னா இது லா!" பலகையின் முனையில், தந்திகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டைத் தட்டினான்.

"இது எலும்பு பாஸ்."

"எலும்புதான். பேரு நட்டு."

"எலும்பை யாராச்சும் நட்டும்பாங்களா? நட்டுன்னா ஸ்பேனர் போடணும்ல?"

சிரிப்பதா என்று அர்ஜுன் ஒரு கணம் யோசித்தான்.

"பலகையைச் சூடு காட்டிக் கழட்டிரலாம் பாஸ். வேற பலகை நானே தேய்ச்சுத் தரேன். ராத்திரி இருந்து செய்றேன். சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

"உங்க மேல தப்பே இல்ல ஆன்ட்டி. இது கம்யூனிகேஷன் ப்ராப்ளம்."

சரஸ்வதிக்கு மூச்சு வந்தது. "நன்றி பாஸ்."

"அதனாலதான் கன்ஃபர்ம் பண்ண முடியல."

"பேசுனது ரெண்டு பேருந்தானே?"

"எனக்குப் புரொபேஷன் இல்ல லா," என்றான் அர்ஜுன், வருத்தமாகவே. "வீட்ல அங்கிளைக் கேட்டதாச் சொல்லுங்க."

ஏப்ரனை மடித்து மேசைமேல் வைத்தாள். பைக்குள் போன் அதிர்ந்தது. மாணிக்கம். நல்ல சேதி சொல்கிறேன் என்று காலையில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அது அதிர்ந்து அடங்கும்வரை நின்றாள்.

வெளியே வாடிக்கையாளர் கதவிலிருந்த கைகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்து முடிக்கட்டும் என்று சரஸ்வதி உள்ளே காத்திருந்தாள். பிறகு தன் கைகள்மேல் கை வைத்து, கதவைத் தள்ளினாள்.