எட்டு மணிச் சங்கு

"சூரியன் என்னைக்காச்சும் பிந்தி வரும். நான் ஊதுற சங்கு பிந்தாது."

கொதிகலனின் வாய்க்குள் யூக்கலிப்டஸ் கட்டையைத் தள்ளிக்கொண்டே பெர்சி சொன்னான். முகத்தில் சிரிப்பு இல்லை. விறகு இறக்க வந்தவர்களும் சிரிக்கவில்லை. தேவிகுளத்துக்குக் கீழே அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் ஷிப்ட் மாறும். நீராவிச் சங்கின் சங்கிலியை இழுப்பது அவன் கை. சங்கு ஊதியதும் தொழிலாளர் லயத்தில் எல்லா வீட்டுச் சுவர்க் கடிகாரமும் எட்டுக்குத் திருப்பப்படும். கடிகாரம் பிசகும், சங்கு பிசகாது.

அவனிடம் இன்னொரு பெருமையும் இருந்தது. அவன் ஈரல் இரண்டு உடம்பில் குடியிருந்தது. பித்தக்குழாய் இல்லாமல் பிறந்த மகள் மௌனிகாவுக்குப் பதினாலு மாதத்துக்கு முன் கொச்சியில் வெட்டிக் கொடுத்தான். அவனுக்கு அது திரும்ப வளர்ந்துவிட்டது. அவளுக்கு நான்கு வயது. மஞ்சள் போய்க் கன்னம் உப்பி, லயத்துக் கோழிகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நன்றாக நிலைக்கும், பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈரலை உடம்பு ஒதுக்காமலிருக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து. அது மட்டும் தவறக் கூடாது. அவன் மனைவி ஆன்மேரி சங்கு ஊதியதும் கொடுத்தாள்.

தொழிற்சாலை ஆபீஸ் குமாஸ்தா பஞ்சாபகேசனும் அதே ஆஸ்பத்திரியில் ஈரல் மாற்றியவர். கல்பாத்திக்காரர். எட்டு மணிக்குச் சட்டைப் பையில் போன் கூவும். எந்தப் பேச்சையும் பாதியில் விட்டு மாத்திரை போட்டுக்கொள்வார். பெர்சி அந்தக் கூவலை அப்படியே கூவிக் காட்டுவான். ஷிப்டே சிரிக்கும்.

"சிரிச்சுக்கோ. ஆறு வருஷமா இதுதான் என்னை எழுப்பி வச்சிண்டிருக்கு," என்றார் அவர். "ராத்திரி நீ ஊதறச்சே இதுல எட்டே முக்கால் ஆயிடறது, தெரியுமோ?"

"ஒங்க போனு கம்பெனி மணிக்கு ஒத்து வராது சார்."

சீசன் தொடங்கியிருந்தது. இரவு எட்டுக்குச் சங்கிலியைப் பிடித்தால் தொழிற்சாலை ஆபீசர் கதவிலிருந்து கை காட்டுவார்: இன்னும் ஒரு லோடு இலை. அது முடிய ஐம்பது நிமிடமாகும். பிறகு பெர்சி ஊதுவான், மணி எட்டு. வேலை தொடங்கும் காலைச் சங்கு மட்டும் நொடி பிசகாது. கடிகார முள்ளைக் காலையில் முன்னே தள்ளி, இரவில் பின்னே இழுத்து அலுத்த ஆன்மேரி இரண்டு தடவை பாட்டரி மாற்றினாள்.

அந்த மாதப் பரிசோதனையில் மௌனிகாவின் ஈரல் எண்கள் ஏறியிருந்தன. அன்றே படுக்கை கொடுத்தார்கள். அவன் ஈரலை அவள் உடம்பு ஒதுக்கத் தொடங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். இன்னொரு துண்டு வெட்ட முடியாது என்பது பெர்சிக்குத் தெரியும்.

நர்ஸ் சிஞ்சு தாளை நீட்டி மருந்து நேரம் கேட்டாள்.

"சங்கு ஊதுனதும் குடுத்துருவேன் சிஸ்டர். ஒரு நா தவறல," என்றாள் ஆன்மேரி.

"சங்கு எத்தன மணிக்கு ஊதும் சேச்சி?"

"எட்டுக்கு." ஆன்மேரி கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைல எட்டு," என்றான். "ராத்திரி ஒம்பது ஆயிரும். சில நா அதுக்கு மேலயும்."

"நீங்கதான ஊதுறீங்க?" என்றாள் ஆன்மேரி.

நான்கு நாள் ஊசி. ஆஸ்பத்திரிக் கடிகாரப்படி மருந்து. ஐந்தாம் நாள் சிஞ்சு வராந்தாவில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். எண் பாதிக்கு இறங்கியிருந்தது. மூன்றாம் வாரம் சரியான இடத்தில் நின்றது. ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றார் டாக்டர். ஊர் திரும்பும்போது பெர்சி பஸ் முழுக்க லட்டு கொடுத்தான். கண்டக்டர் இரண்டு எடுத்துக்கொண்டார். மௌனிகா தன் தழும்பை முன் சீட்டுக்காரிக்குக் காட்டினாள். பதிலுக்குப் பெர்சியும் சட்டையைத் தூக்கினான். ஆன்மேரிகூடச் சிரித்துவிட்டாள்.

மறுநாள் ஆபீசில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பஞ்சாபகேசன் மேசைக்குப் பெர்சி, தனக்கும் ஆன்மேரிக்குமாக இரண்டு பழைய போன்களோடு போனான்.

"சார், இது எப்படிக் கூவும்?"

அவர் சொல்லிக் கொடுத்தார். சிரிக்கவில்லை.

அன்றிரவு எட்டுக்கு அவன் சட்டைப் பை அதிர்ந்தது. பெர்சி விறகு அடுக்குக்குப் பின்னால் போய் ஆன்மேரிக்கு ஒரு மிஸ்டு கால் விட்டான். இரண்டு நிமிடம் கழித்துப் பதில் மிஸ்டு கால் வந்தது. மருந்து உள்ளே போய்விட்டது. போனை அணைத்துவிட்டு வந்தபோது, ஷிப்ட் முடிந்தவர்கள் வாசலைப் பார்த்தபடி இலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கதவில் ஆபீசர் கை காட்டினார்.

"சரி சார்," என்று சங்கிலியை விட்டுவிட்டு, பெர்சி அடுத்த கட்டையைத் தூக்கினான்.