மாடியில் வெயில், வீட்டில் கரண்டில்லை

“மாடி முழுக்கச் சோலார் தகடா அடுக்கி வச்சிருக்க. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வயரு குடுத்தா உனக்கு என்னளா கொறஞ்சு போவுது?”

“ஆண்டவராண மைனி, எங்க வீட்லயும் கரண்டு இல்ல. உள்ள வந்து பாருங்க.”

“மைனியாம் மைனி! வெயிலு மண்டயப் பொளக்கு, இல்லங்கா பாரு!”

மணப்பாட்டில் எங்கள் தெருவில் பிலோமினாவும் டெல்பினும் அதுவரை இப்படிக் கத்தியதில்லை. பிலோமினாவின் மகள் பேபிக்கும் டெல்பினின் மகன் ஜெனோவுக்கும் கல்யாணம் பேசி, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. இவர்கள் மைனி, மைனி என்று குழைவதைக் கேட்டு எங்களுக்கே சலித்திருந்தது.

பிலோமினாவின் புருஷன் ரோச், துறைமுகத்தில் வருஷக்கணக்காக நிலக்கரி இறக்கியவர். அந்தக் கரி யார் வீட்டிலோ விளக்காக எரிந்தது. இவருக்கு நெஞ்சில் படிந்தது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சு ஓடாது. நாட்டில் மின்சாரம் பற்றவில்லை, எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று டிவியில் சொன்னார்கள். நியாயம்தான். பகிர்வை மட்டும் பட்டணத்துக் கடைகளின் ஏசியில் தொடங்காமல் எங்கள் தெருவில் கரண்டை நிறுத்தித் தொடங்கினார்கள். ரோச்சின் மெஷின் நின்றது. சாத்தான்குளம் பக்கம் காற்றாலைகள் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.

டெல்பின் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மின்விசிறி நின்றிருந்தது. “நடிப்புக்கு நிப்பாட்டி வச்சிருக்கா” என்றார் எதிர்வீட்டு மரியான். சோலார் மாட்டிய நாளிலிருந்து “இனி நமக்குக் கரண்டே போவாது” என்று டெல்பின் தெருவெல்லாம் அளந்திருந்தாள். வேறு எப்படி நினைப்பது? கண்ணால் பார்க்கட்டும் என்று ஜெனோ வயரை மதில் மேலாக இழுத்து வந்து செருகினான். மெஷின் அசையவில்லை.

“மெயின அணைச்சிட்டு வெறும் வயர நீட்டுதாளே, பாவி!” என்றாள் பிலோமினா.

கத்தி ஓய்ந்த பிறகுதான் ஆட்டோ என்று ஒன்று இருப்பது எல்லாருக்கும் நினைவு வந்தது. திருச்செந்தூர் போய்ச் சேருமுன் ரோச் அடங்கிவிட்டார். சாவு வீட்டுக்கு டெல்பின் கொண்டுவந்த கஞ்சியைப் பிலோமினா வாசலிலேயே திருப்பினாள்.

பிறகு வேறொரு வீட்டு மாடியில் தகடு மாட்ட சோலார்காரன் மெல்வின் வந்தான். கேட்டோம்.

“பேட்டரி இல்லன்னா லைன் போனதும் இதுவும் நின்னுரும் அண்ணாச்சி. நிக்கலன்னா மாடிக் கரண்டு லைன்ல ஓடி, கம்பத்துல ஏறுத ஆளு செத்துருவாம்லா. இது பில்லுக்குத்தான், கரண்டு கட்டுக்கு இல்ல.”

கறுப்புச் சேலையில் பிலோமினாவும் நின்று கேட்டாள். பிறகு, “உள்ள வந்து பாருன்னு கூப்பிட்டாளே” என்றாள். அவ்வளவுதான். டெல்பின் வீட்டுப் படி ஏறவுமில்லை.

இரண்டாவது ஓலை வாசிக்கப்படவே இல்லை. பேபியை ஆலந்தலையில் கிளைட்டன் என்ற பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பிலோமினாவும் அங்கேயே போய்விட்டாள். டெல்பின் தூத்துக்குடியில் தங்கச்சி வீட்டுப் பக்கம் குடிபோனாள். ஜெனோ கப்பலில் இருக்கிறான். ஒரு பொண்ணு இருக்கு, பார்க்கட்டுமா என்று போனில் கேட்டேன். “கடல் இரைச்சல், ஒண்ணும் கேக்கல” என்று வைத்துவிட்டான்.