நாற்பத்திரண்டாம் அறையில் இருந்த இன்னொருத்தி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கதை எழுத உட்காரவில்லை. ஐநூறு சொல்லில் ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். போன வாரம் பழைய மாணவர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. 'அக்ரா போன்ற துடிப்பான தலைநகரத்தை ஒட்டி, கானா நாட்டின் தலைசிறந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பதில் என்ன கவர்ச்சி? புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக எழுதித் தாருங்கள். உற்சாகமாக இருக்கட்டும்.' உற்சாகமாக என்பதற்கு அடியில் கோடு வேறு. என் பழைய கட்டுரைகளை யாரோ படித்துத் தொலைத்திருக்கிறார்கள்.

அதைச் சிறு புத்தகமாக அச்சடித்து, முதல் நாள் விடுதியில் ஒவ்வொரு கட்டில்மேலும் வைப்பார்களாம். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இன்று சனிக்கிழமை. இதுவரை எழுதிய தொடக்கங்கள் இவை:

'அறிவின் கலங்கரை விளக்கமாய்...' (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.)

'குன்றின்மேல் வெள்ளைச் சுவர்கள், சிவப்பு ஓடுகள், நடுவே அல்லிக்குளம்...' (இது அவர்கள் நாள்காட்டியிலேயே இருக்கிறது.)

'சனிக்கிழமை என்றால் யாய்ராவும் நானும் பெரிய வாசலில் ட்ரோட்ரோ வேனுக்கு நிற்போம். அவள்...'

இங்கே பேனா நின்றுவிட்டது. வாக்கியத்தில் குறை ஒன்றும் இல்லை, மற்ற இரண்டிலும் இல்லாத உயிர் இதில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், யாய்ரா அந்தப் பல்கலைக்கழகத்து மாணவியே இல்லை.

2

யாய்ராவும் நானும் ஹோ நகரத்தில் ஒரே பள்ளிக்கூடம். அவள் அந்த மலைப்பக்கத்து எவே இனத்துப் பெண். நாங்கள் கடற்கரையோரத்து ஃபான்டி இனத்தார். அப்பாவுக்கு ஹோவில் தபால் நிலைய வேலை. வகுப்பில் அவள்தான் எப்போதும் முதல். ஆனால் கடைசித் தேர்வில் கணக்கு அவள் காலை வாரிவிட்டது. வேண்டிய தரத்துக்கு ஒரே ஒரு படி குறைவு.

அது தெரிவதற்குள் அவள் அப்பா அவசரப்பட்டுவிட்டார். இடம் கிடைத்தவர்கள் பட்டியல் வருவதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்று நன்றிக் காணிக்கை செலுத்திவிட்டார். சபையே வெள்ளைக் கைக்குட்டையை வீசி ஆடியது. (கடவுளுக்கு முன்கூட்டியே நன்றி சொல்லும் பழக்கம் வேறு ஊர்களில் உண்டா, தெரியாது. எங்கள் ஊரில் அதற்கு விசுவாசம் என்று பெயர்.) சொன்ன நன்றியைக் கடவுளிடம் போய்த் திருப்பிக் கேட்க முடியுமா? ஆட்டையும் வெட்டியாகிவிட்டது. யாய்ரா பெட்டியைக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிட்டாள்.

"எங்கடீ வர்ற?" என்றேன்.

"யுனிவர்சிட்டிக்கு."

"உனக்குத்தான் எடம் கெடைக்கலையே!"

"உனக்குக் கெடைச்சிருக்குல்ல? உன் கட்டிலுக்கு அடியில எவ்வளவு எடம் கெடக்கும்னு யோசிச்சியா? ரெண்டு பேரு தாராளமாப் படிக்கலாம். அடுத்த வருஷம் கணக்கை மறுபடி எழுதி உள்ள வந்துர்றேன்."

அறையில் ஒண்டுவது எங்கள் வளாகத்தில் புதிய விஷயம் இல்லை. கட்டில் கிடைக்காதவள், கட்டில் உள்ள தோழியின் அறையில் மெல்லிய மெத்தை ஒன்றை விரித்துப் படுப்பாள். காலையில் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். இப்படியே ஆண்டு முழுக்க ஓட்டியவர்கள் உண்டு. விடுதிக் காவலர்களுக்கும் தெரியும். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அறைக்காரி, "இவ என் ஆள்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், நோட்டில் விருந்தாளி என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிச் சொல்ல ஒருத்தியும் இல்லாதவள் மூட்டையோடு பெரிய வாசலுக்குப் போக வேண்டியதுதான்.*

* இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் இருபத்தெட்டு வருஷமாக மறக்கப் பார்ப்பது இதைத்தான்.

3

உற்சாகம் கேட்டார்களே, அதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

அறுநூறு பேர் உட்காரும் வகுப்பில் தலையை எண்ண ஒருவரும் கிடையாது. யாய்ரா முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள். பொருளாதாரப் பேராசிரியர் ஒருநாள் எங்களையெல்லாம் திட்டிவிட்டு, "அந்த மஞ்சள் சட்டைப் பொண்ணு ஒருத்திதான் இங்க படிக்கிறா" என்றார். மஞ்சள் சட்டை என்னுடையது. உள்ளே இருந்தது அவள். நான் பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தேன். என் குறிப்பு நோட்டுகள் எல்லாம் அவள் கையெழுத்து. (பட்டச் சான்றிதழ் என் பெயரில் சுவரில் தொங்குகிறது. அதில் எத்தனை வரி அவளுடையது என்று இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.)

எங்கள் விடுதிக் காவலர் மிஸ்டர் அடோட்டே. ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு, கக்கத்தில் நோட்டு. யாய்ராவை அவர் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன டாக்டர், நேத்து லைப்ரரிய மூடுற வரைக்கும் அங்கதான் இருந்தீங்களாமே? இந்த அராபா மேடம் ஏன் இப்பத்தான் எந்திரிச்சு கண்ணைக் கசக்குது?" என்பார் என்னைக் காட்டி.

"அவங்களுக்கு எடம் கெடைச்சிருச்சுல்ல சார். எடம் கெடைச்சவங்க தூங்கலாம்."

சனிக்கிழமை நகரத்துக்குப் போவோம். அதற்கு யாய்ரா ஒரு சட்டம் வைத்திருந்தாள்: ஒரு நிறுத்தம் சலித்தால்தான் அடுத்த நிறுத்தம். அப்படித்தான் அக்ராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றோம். முப்பத்தேழு என்ற நிறுத்தத்தில் மரம் முழுக்க வௌவால். அதன் கீழே தலைக்குமேல் நோட்டைப் பிடித்துக்கொண்டு, இலையில் மடித்த, பயறு கலந்த வாச்சே சோற்றைக் கறுத்த மிளகாய்ச் சாந்தோடு அடித்து நொறுக்குவோம். பிறகு பாட்டுக் கடைகள் ஒன்றையொன்று மிஞ்சி அலறும் சர்க்கிள் நிறுத்தம். அதற்கும் பிறகு மகோலா சந்தை.

"வாங்க, குன்றுக்காரிகளா!" என்பாள் தக்காளிக்கார அக்கா. "புஸ்தகத்தைத் தின்னா வயிறு ரொம்பலையாக்கும்?"

"புஸ்தகம் இவளோடது, வயிறுதான் என்னோடது. ரெண்டு தக்காளி சேத்துப் போடுக்கா."

"வாய்க்கே ஒரு பட்டம் குடுக்கணும்டீ உனக்கு."

கடைசி நிறுத்தம் கடல். மலையில் பிறந்த யாய்ரா கடலைப் பார்த்ததே இல்லை. மகோலாவிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் போதும். காற்றில் உப்பு வாசனைகூட வரும். இரண்டு வருஷத்தில் எத்தனையோ முறை கூப்பிட்டேன், வர மாட்டேன் என்றுவிட்டாள்.

"அட்மிஷன் லெட்டர் என் கையில வர்ற அன்னிக்குத்தான் கடல். எங்கப்பா மாதிரி முன்னாடியே கொண்டாட மாட்டேன்."

இரண்டு முறை கணக்கு எழுதினாள். இரண்டு முறையும் லெட்டர் வரவில்லை. இப்போது கண்ணை மூடினால் எனக்கு வருவது நூலகமும் அல்லிக்குளமும் இல்லை, வேன் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, "இன்னொரு நிறுத்தம் போவமா?" என்று கேட்கும் யாய்ராதான். அந்த இரண்டு வருஷத்தைப் போல நான் பிறகு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

4

மூன்றாவது தொடக்கத்தில் பேனா நின்றது நேற்று. நின்ற ஒரு மணி நேரத்தில் ஹோவிலிருந்து போன். யாய்ராவுக்கு அங்கே தையற்கடை, ஐந்து மெஷின் ஓடுகிறது.

"அராபா! அந்தச் சின்னப் புஸ்தகத்துல நீ எழுதுறியாமே?"

"உனக்கு யாருடீ சொன்னா?"

"எம் மக எட்டோர்னம். எடம் கெடைச்சிருச்சு அவளுக்கு! லெட்டரைக் கையில வாங்குன பெறகுதான் சர்ச்சுல வாயத் தொறந்தேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் இறங்கியது.

"நம்ம விடுதியேதான் குடுத்திருக்காங்க. அராபா, நானும் அங்கதான் படிச்சேன்னு சொல்லித்தான் அவளை வளத்திருக்கேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"என்ன, பேச்சக் காணோம்? பொய்யா சொன்னேன்? படிக்கத்தானே செஞ்சேன். உன்னைவிட நல்லாவே படிச்சேன்."

"அதை நான் இல்லைங்கலையே."

"அப்ப பாத்து எழுது. புஸ்தகம் அவ கட்டில் மேலயும் இருக்கும். ஆனா ஒண்ணு, பயந்துக்கிட்டு என்னை விட்டுட்டு எழுதிடாத. அது ஒரு தடவை போதும்."

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் முறையாக அதைப் பற்றிப் பேசினாள். அதுவும் இந்த ஒரே வரி. பிறகு துணி விலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

5

'இரண்டாம் ஆண்டு, ஒரு ஞாயிறு மதியம். மிஸ்டர் அடோட்டே கதவைத் தட்டினார். "இவங்க உங்க ஆளா?" என்றார். "ஆமாம், என் ஆள்தான்" என்றேன் நான், தலையை நிமிர்த்தி...'

(பொய். அடிக்காமல் விட்டுவைக்கிறேன். எழுத்தாளர் என்ற பெயரில் நான் எவ்வளவு சுலபமாகத் தலையை நிமிர்த்துகிறேன் என்று நீங்களும் பாருங்கள்.)

நடந்தது இது. மிஸ்டர் அடோட்டேக்குப் பக்கத்தில் அன்று புதிதாக வந்த விடுதித் தலைவி நின்றார். வெளியாட்களை வைத்திருப்பவர்களுக்குக் கட்டில் போய்விடும் என்று அந்த வாரம்தான் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பரீட்சைக்கு இரண்டு வாரம். நான் குளித்துவிட்டு வந்து துண்டைக் கையில் வைத்திருந்தேன். யாய்ரா தரையில் உட்கார்ந்து எனக்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

"இவங்க உங்க ஆளாம்மா?" என்றார் மிஸ்டர் அடோட்டே. நோட்டைத் திறந்தே வைத்திருந்தார்.

"தெரியாது" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

யாய்ரா பேனாவுக்கு மூடி போட்டாள். எழுந்தாள்.

"அவங்க சொல்றது நெசம்தான் மேடம். நான் தையக்காரி. கவுனுக்கு அளவெடுக்க வந்தேன், ரூம் மாறி வந்துட்டேன்."

தன் மெத்தையைக்கூட எடுக்காமல் போனாள். எடுத்திருந்தால் என் பொய் வெளுத்திருக்கும். போகும்போது என்னைப் பார்த்தாளா? ஒரு பிரதியில் அவளை அழவைத்தேன், இன்னொன்றில் புன்னகைக்க வைத்தேன். உண்மை என்னவென்றால் எனக்குத் தெரியாது. நான் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்டர் அடோட்டே ஓய்வு பெற்ற பிறகு அவரைச் சந்தையில் ஒருமுறை பார்த்தேன். "ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும்மா" என்றார். "விருந்தாளின்னு எழுதி, அந்தம்மாகிட்ட கையெழுத்து வாங்கியிருப்பேன். எத்தன பேருக்கு அப்படி எழுதியிருக்கேன்!" என் கட்டில் போயிருக்காது. ஒன்றுமே போயிருக்காது.

யாய்ரா கோபத்தைக் காட்டியதே இல்லை. எங்கள் வழக்கப்படி என் கல்யாணத்துக்கு உறவெல்லாம் ஒரே துணியில் உடுத்தினார்கள்; எனக்கான உடையை அவள்தான் தைத்து அனுப்பினாள். அளவு கேட்கவே இல்லை. அப்படியே பொருந்தியது. அதைப் போட்டுக்கொண்டு சபை முன்னால் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

6

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அ. அவளை மாணவியாகவே எழுதிவிடுவது: 'என் அறைத்தோழி யாய்ரா, எங்கள் ஆண்டின் சிறந்த மாணவி.' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விடுதி நடைவழியில் ஒவ்வோர் ஆண்டுப் படமும் பெயர்களோடு மாட்டியிருக்கிறது. புத்தகத்தைப் படித்த கையோடு எட்டோர்னம் போய்த் தேடுவாள். முதல் வரிசையில் மஞ்சள் சட்டையில் நான் மட்டும் நிற்பேன்.

ஆ. உள்ளது உள்ளபடி. அம்மா தைத்துக் கொடுத்த புதுப் படுக்கைவிரிப்பில் உட்கார்ந்து, அம்மா எந்த வாசல் வழியாக அனுப்பப்பட்டாள் என்று மகள் படிப்பாள். சொன்னது அம்மா இல்லை, நான். இதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா?

இ. 'ஒரு தோழி' என்று பொதுவாகப் போட்டுவிட்டு, சங்கத்துக்கு வேண்டிய உற்சாகத்தைக் கொடுப்பது. அல்லது பெயரை மாற்றிவிடுவது. எப்படி மாற்றினாலும் அது, 'இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது' என்பதை மரியாதையாகச் சொல்வதுதான்.

ஈ. இன்று காலை இதை இந்த இடம்வரை எழுதிவிட்டு, தாங்காமல் அவளைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். வாயில் வந்தது வேறு.

"யாய்ரா, நீ கடலைப் பாத்தியா?"

"இல்லடீ."

"இத்தனை வருஷத்துலயா?"

"லெட்டர் வராம எப்படிப் பாக்குறது? இப்பத்தானே வந்திருக்கு. மகளைச் சேக்க வர்ற அன்னிக்குப் பாக்கணும். பெரிய வாசல்ல வந்து நில்லு. காரைக் கீரை எடுத்துட்டு வந்துராத, ட்ரோட்ரோவிலதான் போகணும். கடைசி நிறுத்தம் வரைக்கும்."

"வர்றேன்."

"கட்டுரை முடிஞ்சுதா?"

"இல்ல."

"முடி" என்றாள். வைத்துவிட்டாள்.

(ஈ என்பது முடிவாகாது என்று எனக்கும் தெரியும். கடற்கரையில் இரண்டு பெண்களை நிறுத்திவிட்டு நழுவுவது பழைய தந்திரம். நடுவில் மகளும் நிற்பாள். அவள் கையில் என் புத்தகம் இருக்கும்.)

7

ஐநூறு சொல் எப்போதோ தாண்டிவிட்டது. திங்கட்கிழமை எதைக் கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை. என் 'தெரியாது'வை நம்பி ஒரு பயனும் இல்லை, அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். நீங்களோ இவ்வளவு நேரம் அந்த அறையில் அவளோடு இருந்திருக்கிறீர்கள். வௌவால் மரத்தடியில் சாப்பிட்டிருக்கிறீர்கள். அவள் கட்டிலுக்கடியில் விட்டுப்போன மெத்தையும் உங்களுக்குத் தெரியும்.

கதவு தட்டுகிற சத்தம். மிஸ்டர் அடோட்டே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். யாய்ரா தரையில் எழுதிக்கொண்டிருக்கிறாள், இன்னும் மூடி போடவில்லை. என்னிடம் கேட்டு முடித்துவிட்டார். இப்போது அவர் பார்ப்பது உங்களை.

"இவங்க உங்க ஆளா?"