காவல் நிலைய முற்றத்தில் ஒரு கொப்பரை

"கொப்பரைக்கு ரசீது இருக்கா அக்கா?"

"எங்க கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் குடுத்தது. அவரும் செத்துட்டாரு, வித்தவனும் செத்துட்டான். ரசீதுக்கு நான் யாரைப் போய்க் கேக்க?"

"சரி, என்ன நிறம்?"

புருல்சா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மார்லென் என்ற அந்த இளம் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தான்.

"கறுப்பு, தம்பி. அடுப்புல ஏறுற இரும்பு வேற என்ன நிறத்துல இருக்கும்?"

"தனி அடையாளம்?"

"ஒரு காது உடைஞ்சு போச்சு. என் வீட்டுக்காரர் டிராக்டர் கம்பியை வெச்சுப் பத்த வெச்சாரு. அந்தப் பக்கம் மட்டும் காது நீளம். ஒரு ஆட்டை முழுசா வேக வைக்கலாம் அதுல. போதுமா?"

மார்லென் பேனாவை மூடி வைத்தான். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"உங்க தெருவில அந்தக் கொப்பரையை யாரெல்லாம் எடுப்பாங்க?"

"எல்லாரும்தான். கல்யாணமோ மௌத்தோ, என் முற்றத்துல வந்து தூக்கிட்டுப் போவாங்க. கதவு திறந்துதானே கிடக்கும்."

"உங்ககிட்ட கேட்டுட்டா?"

"எதுக்குக் கேக்கணும்? நான் என்ன கூடாதுன்னா சொல்லப்போறேன்?"

"அப்படி வாங்க வழிக்கு." மார்லென் நாற்காலியில் சாய்ந்தான். "திருட்டுன்னா உரிமைக்காரர் சம்மதம் இல்லாம எடுக்கணும். நீங்க மொத்தத் தெருவுக்கும் சம்மதம் குடுத்து வெச்சிருக்கீங்க. இது திருட்டே இல்ல. யாரோ இரவல் எடுத்திருக்காங்க."

புருல்சாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிவிட்டுத்தான் வந்திருந்தாள். அடுத்த வீட்டு ஜூராகான் கோழிக் கூண்டைக்கூடத் திறந்து காட்டியிருந்தாள்.

"தம்பி, நாளைக்கு வெள்ளிக்கிழமை. என் வீட்டுக்காரர் எசென்பெக் மௌத்தாகி ஒரு வருஷம், அவருக்கு ஃபாத்திஹா ஓதுறோம். மதியத்துக்குள்ள எண்ணெய் காயணும், ஏழு ரொட்டி பொரியணும், அந்த வாசம் அவருக்குப் போய்ச் சேரணும். உனக்கு நான் சொல்லியா தெரியணும்? நீயும் கிர்கிஸ்காரன்தானே."

"பக்கத்து வீட்டுல ஒரு சட்டி வாங்கிப் பொரிங்களேன்."

"அடுத்த வீட்டுச் சட்டி வாசம் அடுத்த வீட்டு மௌத்துக்குத்தான் போகும். ஒரு வருஷமா அந்த மனுஷன் எதையும் கேக்கல. கேக்கவும் முடியாது. நான்தான் பாத்துச் செய்யணும்."

"திங்கக்கிழமை வாங்க அக்கா. அதுக்குள்ள தானா வந்துரும்."

அதற்குமேல் அங்கே உட்கார்ந்தால் மேசையைக் கவிழ்த்துவிடுவோம் என்று தோன்றியது அவளுக்கு. எழுந்து, முகம் கழுவலாம் என்று பின்முற்றத்துக் குழாயடிக்குப் போனாள். சுவரில் தீயணைப்புக்கான சிவப்புப் பலகை மாட்டியிருந்தது. அதில் ஒரு கோடரியும் ஒரு வாளியும் தொங்கின. பலகைக்குக் கீழே, விளிம்புவரை மணல் நிரப்பி, நட்ட நடுவில் ஒரு மண்வெட்டியையும் குத்தி வைத்திருந்தார்கள், அவளுடைய கொப்பரையில். ஒரு காது நீளம். மணலில் சிகரெட் துண்டுகள் முளைத்திருந்தன.

அவள் போட்ட சத்தத்தில் மார்லென் ஓடி வந்தான்.

"ஓ, இதுவா?" என்றான். "இது பழைய இரும்பு வாங்குறவன்கிட்ட செவ்வாய்க்கிழமை பிடிச்சது. கொண்டுபோய் வித்தவனையும் பிடிச்சாச்சு, உள்ளதான் இருக்கான். தீயணைப்புச் சோதனைக்கு ஆள் வர்றாங்கன்னு சொன்னாங்க, எங்ககிட்ட மணல் தொட்டி இல்ல. அதான்."

"ரெண்டு நாளா இங்க இருக்கு. நீ காலையில இருந்து என்கிட்ட நிறம் கேட்டுட்டு இருக்கே!"

"புகார் என் பிரிவு. பிடிச்ச பொருள் அடுத்த அறை. அவங்க 'உரிமையாளர் தெரியவில்லை'ன்னு பதிஞ்சிருக்காங்க."

"உரிமையாளர் இதோ நிக்கிறா. தெரியுதா?"

"எனக்குத் தெரியுது அக்கா. ஆனா அந்த அறை அதிகாரி மச்சினி கல்யாணத்துக்கு ஏரிப்பக்கம் போயிருக்காரு. முத்திரை அவர் பெட்டியில, சாவி அவர் பையில. அவர் வந்து கையெழுத்துப் போடுறவரை இது சாட்சிப் பொருள். இந்த வாசக்கதவைத் தாண்டக் கூடாது."

புருல்சா சட்டென்று அடங்கினாள்.

"கதவைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றான் மார்லென், ஒருவழியாகப் புரிந்துகொண்டாள் என்ற நிம்மதியில்.

மறுநாள் காலை புருல்சா வந்தபோது பின்னால் ஜூராகானும் தெருப் பெண்கள் சிலரும் வந்தார்கள். ஒருத்தி கையில் விறகு, ஒருத்தி கையில் இரும்பு முக்காலி, ஜூராகான் இடுப்பில் துணி மூடிய மாவுப் பாத்திரம். ஓதுகிற கிழவர் சாதிர் தடியை ஊன்றிக்கொண்டு கடைசியில் வந்தார். வாசல் காவலர் வழிமறித்தார்.

"எங்க இவ்வளவு பேரும்?"

"ஃபாத்திஹாவுக்கு."

"யாருக்கு?"

"எசென்பெக்குக்கு."

"பஸ் ஓட்டுவாரே, அவரா? என் பொண்டாட்டியைப் பிரசவத்துக்கு நடுவழியில ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுவந்து விட்டாரே?" காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இங்கயா செய்யப் போறீங்க?"

"கொப்பரை உங்க ஜெயில்ல இருக்கு. அது வீட்டுக்கு வராது. வீடு இங்க வந்திருக்கு."

ஃபாத்திஹாவுக்கு வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? காவலர் புருல்சா கையிலிருந்த எண்ணெய்க் கேனை வாங்கித் தானே சுமந்து வந்தார்.

மணலைக் கொட்டினார்கள். கொப்பரையை மூன்று தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். விறகு பற்றி, எண்ணெய் ஊற்றி, முதல் புகை மாடி ஜன்னலைத் தொட்டபோது மார்லென் கத்திக்கொண்டே படியிறங்கினான்.

"அக்கா! என்ன பண்றீங்க? அது சாட்சிப் பொருள்!"

"கதவைத் தாண்டலையே தம்பி. நீயே பாரு."

"அதுல ரேகை இருக்கும்! தடயம்!"

"ரேகை மேல நீங்கதானே மணலைக் கொட்டினீங்க" என்றாள் ஜூராகான். "போற வர்றவன் எல்லாம் சிகரெட்டு வேற அணைச்சிருக்கான். தள்ளி நில்லு, எண்ணெய் தெறிக்கும்."

"மேஜர் பாத்தா என் தலை போயிரும்!"

மேஜர் பார்த்துவிட்டார். கெரிம்பாய் என்ற அந்தக் கனத்த மனிதர், பின்வாசலில் நின்று ஒரு விரலை நீட்டி, "எவன் இதுக்கு அனுமதி..." என்று ஆரம்பித்தார். அந்த நேரத்தில்தான் புருல்சா முதல் ரொட்டியை எண்ணெயில் விட்டாள். சுர்ரென்று பொங்கியது. வாசம் முற்றம் முழுக்கப் பரவியது. கிழவர் சாதிர் தரையில் மண்டியிட்டு ஓதத் தொடங்கினார்.

ஓதல் தொடங்கிவிட்டால் நிற்கிறவன் நிற்க முடியாது. பெண்கள் உட்கார்ந்தார்கள். காவலர் உட்கார்ந்தார். மார்லென் உட்கார்ந்தான். மேஜரின் விரல் கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு அவரும் முழங்கால் சொடுக்க உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். புருல்சா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே, உதடு அசையாமல், "எசென்பெக், வந்துச்சா?" என்று கேட்டாள். அந்த ஒரு வருஷத்தில் நெஞ்சில் ஏறியிருந்த கனம் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

"ஆமீன்" என்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஏழாவது ரொட்டியும் பொரிந்து வந்ததும், சூட்டோடு பிய்த்து முதல் துண்டை மேஜரிடம் நீட்டினாள். அதை வேண்டாம் என்று சொல்ல மேஜருக்கும் அதிகாரம் இல்லை.

"இறைவன் அவருக்கு இடம் குடுக்கட்டும்" என்றார், வாய் நிறைய.

அப்போது சுவரில் இருந்த கம்பி ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "பெரியம்மா! வாசம் இங்கயும் வருது!"

"யாரது?"

மார்லென் தலையைக் குனிந்துகொண்டான். "அவன்தான் அக்கா. கொப்பரையைத் தூக்கினவன்."

புருல்சா கரண்டியை ஓங்கிக்கொண்டு எழுந்தாள். நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாசம் போய்ச் சேர்ந்தவனுக்கு ரொட்டி போகாமல் இருக்கக் கூடாது. குறைந்தால் அது எசென்பெக்கின் நன்மைக் கணக்கில் குறையும். ஜன்னலுக்குப் போய்க் கம்பிக்குள் ஒரு துண்டைத் திணித்தாள்.

"தின்னுத் தொலை. தின்னுட்டு அவருக்காக துஆ கேளு. உனக்காக நான் கேக்க மாட்டேன்."

திரும்பி வந்து ஜூராகானிடம் சொன்னாள்: "மதியம் சொந்தக்காரங்க வந்துருவாங்க. ஆடு வேகணும். வீட்டுல கொப்பரை இல்ல. எல்லாரையும் இங்கயே வரச் சொல்லிரு."

மேஜர் மெல்லுவதை நிறுத்தினார். "எத்தனை பேர்?"

"அவர் பக்கம் ஏழு வீடு, என் பக்கம் ஒன்பது வீடு. அவர் பஸ்ல போனவங்க எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியாது. குதிரையில வர்றவங்களும் உண்டு. குதிரையை எங்க கட்டலாம், சொல்லுங்க."

"மார்லென்!" மேஜர் எழுந்தார். "ஜீப்பை எடு. கொப்பரையை இவங்க வீட்டுல கொண்டு போய் இறக்கு."

"ஐயா, முத்திரைப் பெட்டி சாவி ஏரியில..."

"தீயணைப்புக்காரனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், முத்திரைக்காரனுக்கும் நான் பதில் சொல்லிக்கிறேன். இப்பவே தூக்கு!"

"எப்படித் தூக்குவான்?" என்றாள் புருல்சா. "எண்ணெய் கொதிக்குது."

"எப்ப ஆறும்?"

"ஆறும்போது ஆறும்."

மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். தெருவில் எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. புருல்சா கொட்டிய மணல்மேல் வசதியாக உட்கார்ந்து, மிச்ச மாவைக் கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் போடத் தொடங்கினாள். காய்ந்த எண்ணெயை எதற்கு வீணாக்குவது? மாடியிலிருந்து ஒவ்வொருவராகக் காவலர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.